கஞ்சாச் சங்கத்துக்குக் கணக்குத் திறக்கப்போன கதை

போன கிழமை டுசல்டோர்ஃபில ஒரு பாங்க்காரி, நான் சொன்ன ஒரே ஒரு சொல்லில எங்களுக்குக் கணக்குத் திறந்து குடுத்திட்டா!

பொய். என்ர சொல்லைக் கேட்டு அவ திறந்தது கணக்கையில்லை... யன்னலை.

விசயம் என்னெண்டால், என்ர மனுசியின்ர தங்கச்சியின்ர மகள் தர்சினி, இங்க பிறந்து வளர்ந்த பிள்ளை, கூட்டாளியளோட சேர்ந்து கஞ்சா வளர்க்கிற சங்கம் ஒண்டு தொடங்கியிருக்கிறாள். பயப்பிடாதேங்கோ! இப்ப ஜெர்மனியில சட்டம் விடுது. உறுப்பினர் சேர்ந்து வளர்க்கலாம், தங்களுக்குள்ள பங்கு போடலாம். வெளியில வித்தால்தான் பொலிஸ். தாய்க்காரி மட்டும் கோயில்ல ஆரும் கேட்டால், "பிள்ளை மூலிகை வளர்க்கிறாள்" எண்டு சொல்லிப்போட்டு மற்றப் பக்கம் பார்ப்பா.

அரசாங்கத்தின்ர அனுமதிக் கடிதம் கையில. செடி வளர்க்க ஹோல் எண்டு ஒரு பெரிய மண்டபமும் பார்த்தாச்சு. ஆனா ஹோல்காரன் காசைக் கையில வாங்கமாட்டானாம். சங்கத்தின்ர கணக்கில இருந்துதான் வாடகை வர வேணுமாம். அடுத்த வெள்ளிக்குள்ள வராட்டி ஹோல் வேற ஆளுக்கு. தர்சினியின்ர ரெண்டு வருச அலைச்சலும் குப்பைக்கு.

நாலு பாங்க் ஏலாது எண்டு எழுதிட்டுது. காரணம்? ஒண்டுமில்லை. அடியில மட்டும் "அன்பான வணக்கங்களுடன்".

பியர் விக்கிறவனுக்குக் கணக்கிருக்கு. சூதாட்டக் கடைக்காரனுக்கும் இருக்கு. சட்டம் வாசலைத் திறந்து "வாங்கோ" எண்டுது, பாங்க் உள்ளுக்கு நிண்டு செருப்பால எறியுது... இது என்ன விருந்து?

அஞ்சாவது பாங்க் ஒரு டெர்மின், அதுதான் நேரில வந்து கதைக்க ஒரு நாள், தந்தது. கார் ஓட ஆள் வேணும் எண்டு தர்சினி என்னைக் கூப்பிட்டாள். முதல் நாள் பின்னேரமே அனுமதிக் கடிதத்தோட ஃபைலை என்ர வீட்டில வைச்சிட்டுப் போனாள். அங்கதான் சனி பிடிச்சது.

நான் எட்டாம் வகுப்பு. ஜெர்மன் கடிதம் வாசிக்கத் தெரியாது, ஆனா கடிதத்துக்கு என்ன செய்ய வேணும் எண்டு தெரியும். நல்ல காரியத்துக்குப் போற கடிதமல்லோ? நாலு மூலையிலயும் மஞ்சள் பூசினன். உச்சியில பேனையால வடிவா ஒரு பிள்ளையார் சுழி போட்டன். சாமிப்படத்துக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டன். இவ்வளவும் அரசாங்கத்தின்ர ஒரிஜினல் கடிதத்தில!

அடுத்த நாள் பாங்கில, பாங்க்காரி கடிதத்தை எடுத்தா. கண்ணாடியைப் போட்டா. சுழியில விரலை வைச்சா.

"இது ஆற்ற கையெழுத்து?"

"பிள்ளையார்" எண்டன்.

"அவருக்குச் சங்கத்தில என்ன பொறுப்பு?"

"பொறுப்பெண்டு இல்லை... அவர் இல்லாமல் நாங்கள் ஒண்டும் தொடங்கிறேல்லை."

அவ அதை எழுதினா. "அப்ப அவற்ற பாஸ்போட் கொப்பியும் வேணும்."

தர்சினி மேசைக்குக் கீழ என்ர காலை மிதிச்சாள். "பெரியப்பா, வாயை மூடுங்கோ."

மூடியிருக்கலாம். ஆனா அவ மஞ்சளைக் காட்டி "இது என்ன?" எண்டு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச ஜெர்மனில படாரெண்டு மறுமொழி சொன்னன்: "தூள்!"

கஞ்சாச் சங்கத்தின்ர கடிதம். அதில தூள். உலகத்தில வேற ஆருக்கு இந்த மூளை வரும்?

பாங்க்காரி கடிதத்தை மேசையில போட்டிட்டு, எழும்பிப் போய் யன்னலைத் திறந்தா. தர்சினிக்கு முகம் வெளுத்துப் போச்சு. பிறகு மெதுவாச் சொன்னாள்: "அது மஞ்சள். கறிக்குப் போடுறது. இவர் என்ர பெரியப்பா. எனக்கு நல்லது நடக்கட்டும் எண்டு சாமிக்கு வைச்சிருக்கிறார். நாங்கள் ஒளிச்சு வளர்க்க நினைச்சிருந்தால் உங்களிட்ட வந்திருக்கவே மாட்டம். ஒவ்வொரு செடியையும் எண்ணி எழுதுறம். எங்களுக்கு ஒரு கணக்குத்தான் இல்லை."

பாங்க்காரி என்னைப் பார்த்தா. கடிதத்தைப் பார்த்தா. பிறகு சிரிச்சா பாருங்கோ... கண்ணாடியைக் கழட்டி கண்ணைத் துடைக்கிற அளவுக்கு!

"துப்பரவான கடிதம் கொண்டுவாங்கோ, மேலிடத்துக்கு அனுப்புறன். கட்டாயம் கிடைக்கும் எண்டு சொல்ல ஏலாது" எண்டா. அடுத்த நாளே தர்சினி அனுமதி தந்த அலுவலகத்தில புதுப் பிரதி எடுத்துக் குடுத்திட்டாள். அதை என்னட்டக் காட்டவேயில்லை. கெட்டிக்காரி.

இண்டைக்குத்தான் அந்த வெள்ளி. இன்னும் பதில் இல்லை. எனக்குச் சோறு இறங்கேல்லை, அதுதான் எழுதிக்கொண்டிருக்கிறன். ஆனா முக்கியமானதை இன்னும் சொல்லேல்லை. அண்டைக்கு நாங்கள் வெளிக்கிடேக்க, அந்த பாங்க்காரி கதவடியில என்னைத் தனிய நிப்பாட்டி, அங்கால இங்கால பார்த்து, குரலைக் குறைச்சு, "உங்கட சங்கத்தில சேருறதெண்டால்..."

கொஞ்சம் பொறுங்கோ. கீழ ஆரோ கத்துகினம்.

"பெரியப்பா! கணக்கு வந்திட்டுது! வாடகையும் அனுப்பியாச்சு! ஹோல் கதவின்ர திறப்பையும் கையில தந்திட்டாங்கள், கெதியா வாங்கோ!"

"ஏன் பிள்ளை, கேக் வெட்டவோ?"

"இல்லை, ஹோலைக் கூட்ட!"

போறன். தும்புத்தடி பிடிச்சுக் கூட்டுறதுக்கு ஒரு பாங்கும் கடிதம் கேக்காது.