நூஹு நிற்கும் தூரம்

சாய்ந்தமருது நூஹுவிடம் நான் முப்பத்தொரு தடவை தோற்றிருக்கிறேன். ஆகவே அவனைப் பற்றி எழுத எனக்கு முழுத் தகுதியும் உண்டு.

1998இல் கல்முனையில் ஷரிபுதீன் காக்கா ஒரு கேம் கடை நடத்தினார். இரண்டு டீவி, நாலைந்து பிளாஸ்டிக் கதிரை. எங்கள் எல்லோருக்கும் சண்டை கேமில்தான் பைத்தியம். நூஹு மீன் வாடியில் ஐஸ் உடைக்கிறவன். விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுச் சுத்தியலை எடுத்தால் மத்தியானம் லுஹர் வரைக்கும் கை ஓயாது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தக் கடையில் கிடைக்கும் ஒரு மணித்தியாலம்தான் அவனுக்கென்று இருந்த பொழுது.

நாங்கள் பட்டனைப் போட்டு அடியோ அடியென்று அடிப்போம். நெருப்பு விடுவோம், பறந்து உதைப்போம். நூஹு நடப்பான். முன்னுக்கு ஒரு எட்டு, பின்னுக்கு ஒரு எட்டு. நாங்கள் காலை நீட்டினால் மயிரிழையில் எட்டாத இடத்தில் அவனுடைய ஆள் நிற்கும். உதை காற்றோடு போகும். நீட்டிய காலை மடக்குவதற்குள் அவன் உள்ளே வந்து ஒரே ஒரு அடி போட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவான். பிறகு நேரம் முடியும்வரை நடந்தே வெல்வான்; நேரம் முடியும்போது யாருக்கு உயிர் அதிகமோ அவனுக்குத்தான் வெற்றி.

எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோழை என்றோம். சண்டைக்கு வந்தவன் உலாத்துகிறான் என்றோம். அலை பார்த்துத் தோணி தள்ளிப் பழகியவன், அதுதான் இப்படி என்று சிலர் கதை கட்டினார்கள். சுத்தப் பொய். கடலில் கால் வைத்தாலே அவனுக்குத் தலை சுற்றும். நாங்கள் எங்கள் ஆளையே பார்த்துக்கொண்டிருந்தோம், அவன் எதிராளியின் காலைப் பார்த்தான். அவ்வளவுதான்.

ஒருநாள் ஐந்தாறு பேர் சேர்ந்து நூஹுவைப் பற்றிக் காக்காவிடம் முறையிட்டோம். முன்னுக்கு நின்றது நான். நேரக் கணக்கை நிறுத்திவிடலாம் என்றார் காக்கா. மறுநாள் அந்தித் தொழுகையான மஃரிபுக்குக் கால் மணித்தியாலம் இருக்கும்போது, சம்மாந்துறையில் உழவு மெசின் ஓட்டும் றமீஸோடு நூஹு மூன்று சுற்று ஆட வேண்டும். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்குள் வெல்லாவிட்டால் அவன் இனிமேல் கடைப் பக்கம் வரக்கூடாது. பாங்கு சொன்னால் அந்தக் கடையில் டீவியை அணைத்துவிடுவார்கள், யார் முன்னால் இருந்தாலும் ஆட்டம் செல்லாது. நூஹுவின் முகம் சுருங்கியது. ஆனால் மறுக்கவில்லை.

நேரம் ஓடாவிட்டால் அவன் முடிந்தான் என்று நினைத்தோம். முதல் சுற்றை றமீஸ் எடுத்தான், இரண்டாவதை நூஹு. மூன்றாவதில் றமீஸின் உயிர்க்கோடு நூலளவுக்கு வந்துவிட்டது. பாங்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை.

"அடிக்காத மச்சான், பின்னுக்கு நில்லு! பாங்கு சொல்லப் போறாங்க!"

றமீஸைப் பார்த்துக் கத்தியது நான்தான். கோழை என்று பெயர் வைத்த வாயாலேயே கத்தினேன். கடை முழுக்க அதையே கத்தியது.

றமீஸ் பின்வாங்கினான். நூஹு முன்னால் நடந்தான். அவசரமே இல்லை. றமீஸ் காலை நீட்டினால் அரை எட்டு நிற்பான், மடக்கினால் ஒரு எட்டு வருவான். அடிக்கவே இல்லை. அப்படியே நடந்து நடந்து றமீஸின் முதுகைத் திரையின் ஓரத்தில் முட்டவைத்துவிட்டான். அதற்கப்பால் போக இடமில்லை. நூஹு காலுக்கு எட்டாத தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. றமீஸ் பொறுக்கமாட்டாமல் தலைக்கு மேலால் பாய்ந்தான். கீழே நின்ற நூஹு ஒரே அடியில் அவனை விழுத்தினான்.

பாங்கு ஒலித்தது. காக்கா டீவியை அணைத்தார்.

நூஹு எழும்பி நேரே என்னிடம் வந்தான். ஏதாவது சுடச்சுடச் சொல்லப்போகிறான் என்று நான் தலையைக் குனிந்தேன்.

"நீ சொன்னது சரிதான் மச்சான், பின்னுக்குத்தான் நிக்கணும்" என்றான். "பின்னுக்கு எவ்வளவு இடம் இரிக்கி எண்டு அவன் பாக்கல்ல."

கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கேட்டான்:

"நாளைக்கும் வருவாய்தானே?"

அவனை வெளியே தள்ளப் பார்த்தவன் நான். தலையை ஆட்டினேன்.