ஜாதகத்துக்குப் பதில் எச்சில்

போன ஞாயிற்றுக்கிழமை கலியமூர்த்தி போன் செய்தான். "மச்சான், ஒடனே கெளம்பி சிதம்பரம் வா. ரிசல்ட்டு வந்துடுச்சு!"

குரலில் அப்படி ஒரு சந்தோஷம். சுகர் ரிசல்ட்டுக்கு இப்படிக் கத்துகிற ஆள் இல்லையே... யோசித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இது எச்சில் ரிசல்ட்!

விஷயம் இதுதான். கலியமூர்த்தி என் பழைய சிநேகிதன். சொந்த ஊர் கீரப்பாளையம், அங்கே அப்பா வழியில் வந்த ஒரு காணி நிலம்; சிதம்பரத்தில் வீடும் உரக்கடையும். அவன் ஒரே மகள் சங்கீதா, கூட வேலை பார்க்கும் ஜெரால்டைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டாள். ஜெரால்டின் அப்பா சவரிமுத்து, கடலூர் ஓல்டு டவுனில் படகு இன்ஜின் ரிப்பேர் செய்பவர். அவருக்குச் சம்மதம். கலியமூர்த்திக்கு இல்லை. ஆனால் வெளியில் சொல்லக் கூச்சம் – ஊரில் முற்போக்கு என்று பெயர் எடுத்துவிட்டானே!

ஜாதகம் பொருந்தவில்லை என்று தப்பிக்கலாம். சர்ச்சுக்குப் போகிற வீட்டில் ஜாதகத்துக்கு எங்கே போவது? ஐயா மரபணுவில் இறங்கிவிட்டார். எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால், அப்பன் வழியில் எந்தக் கூட்டம் என்று சொல்லிவிடுவார்களாம்.

"அவுங்க வேற, நாம வேறன்னு சயின்ஸே சொல்லிடும் மச்சான்" என்றான் என்னிடம்.

சவரிமுத்து தயங்கவே இல்லை. "துப்பறதுதானே... எவ்ளோ வேணும்?" என்று கேட்டாராம்.

அவன் வீட்டுக்கு நான் போனபோது அவரும் வந்து உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தி மொபைலை நீட்டினான். அப்பாக்கள் இருவருக்கும் ஒரே அடையாளம், ஒரே கூட்டம்!

திட்டம் பணால் என்று நினைத்தேன். அவனுக்கோ வாயெல்லாம் பல். "பாத்தியா மச்சான்! அப்பன் வழி ஒண்ணுன்னா நாங்க பங்காளிங்க. பசங்க அண்ணன் தங்கச்சி. கல்யாணம் எப்படிப் பண்றது?"

எப்படி இருக்கிறது கதை?

சங்கீதாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "அப்ப வேற ஆளுங்கன்னு வேணான்னீங்க. இப்ப ஒரே ஆளுங்கன்னு வேணாங்கறீங்க. அந்தப் பாட்டன் பல ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளுப்பா! அப்ப கோயிலும் கெடையாது, சர்ச்சும் கெடையாது. அம்மாகூடப் பொறந்த மாமா துப்பினாலும் இதே கூட்டம்னு வரலாம். அப்ப நீங்களும் அம்மாவும் யாரு?"

காபி கொண்டுவந்த அவன் மனைவி தட்டோடு நின்று அவனையே பார்த்தார். அவன் காபியைப் பார்த்தான்.

"முறைன்னா முறைதான்" என்றான், மெதுவாக.

சங்கீதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒட்ட மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டவனுக்கு, உறவு என்பதுகூட ஒரு காரணமாகிவிடுகிறது. சயின்ஸ் பாவம், அது என்ன செய்யும்?

சவரிமுத்து நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பங்காளி. அப்பறம்... கீரப்பாளையத்துல நம்ம நெலம் இருக்கே, வீராணம் தண்ணி பாயுறது... அதை எப்போ பிரிச்சுக்கலாம்?"

கலியமூர்த்தி மொபைலைக் கவிழ்த்து வைத்தான். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கலியமூர்த்தி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்.

"சங்கீதா... வெளிய வாம்மா. சம்பந்திக்கு இன்னொரு காபி கொண்டா."

பல ஆயிரம் வருஷத்து ரத்த பந்தம் – பாருங்கள், ஒரு காணி நிலத்தைத் தாண்டவில்லை!