தொண்ணூற்றாறு திரும்பும் என்ற விளம்பரம்

கட்டுமாவடிக் கடற்கரையில் அன்று முழுதாக விடியவில்லை. ஏலத்தில் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கிவிட்டு, புதுக்கோட்டைக்குக் கிளம்ப எங்கள் லோடு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் போனில் கேசினோ விளையாட்டைத் திறந்திருந்தார். செர்ரிப் பழங்களும் மணிகளும் சுழல, அந்த நிறங்கள் அவர் முகத்தில் நீந்தின. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கண் சொருகியது.

“நூறு ரூவா போட்டா தொண்ணூத்தாறு திரும்பி வருமாம். வெளம்பரத்துலயே போட்டுருக்கான். போனா நாலு ரூவாதான?” என்றார்.

எனக்குச் சுரீரென்றது. அந்தத் தொண்ணூற்றாறு இவருக்குத் திரும்புமா, ஆடுகிற எல்லாருக்கும் சேர்த்தா? விளம்பரம் அதைச் சொல்லவில்லை. அப்படியே வந்தாலும், வந்ததை இவர் மறுபடி உள்ளேதான் போடுகிறார்.

நான் பின்னால் போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். வெண்புகை எழுந்து, கடலும் படகுகளும் கனவில் கண்டவைபோல மங்கின.

“ஏய், மூடு! ஐஸ் பூராம் கரைஞ்சுரும்!” என்று கத்தினார். வழியில் யார் அந்த மூடியைத் தொட்டாலும் அவருக்குப் பொறுக்காது.

“ஒரு தடவ தொறந்தா கொஞ்சந்தானங்க கரையுது?” என்றேன்.

அவர் போனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து, மூடியை இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். சீட்டில் கிடந்த போன், யாரும் தொடாமலே கொஞ்ச நேரம் மினுங்கிவிட்டு அணைந்தது.