அது நிற்குமா, வின்னி?

வின்னிஃப்ரெட் ஹால்சலோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரியே நிற்பாள். கெட்டில் கொதிக்கும் முன்பே தேநீரை ஊற்றிவிடுவாள். அந்தக் கழுநீரை நானும் குடித்துத் தொலைத்தேன்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு இருந்தது ஒரே கணிப்பொறி. சுவர் நீளத்துக்கு கண்ணாடிக் குழல் வால்வுகள் எரியும் அந்தப் பூதத்தை ஓட்டியது நாங்கள் இரண்டு பெண்கள். கணிதக்காரர்கள் ஓட்டை போட்ட காகித நாடாவில் புரோகிராமைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவருடையது முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மற்றவர்கள் பாடு திண்டாட்டம்தான். அதனால் நிறுத்தும் உரிமையை எங்கள் கையில் கொடுத்திருந்தார்கள்.

எதை நிறுத்துவது? அதற்குத்தான் ஸ்பீக்கர். இயந்திரம் வேலை செய்வது அதில் சத்தமாகக் கேட்கும். ராகம் மாறிக்கொண்டே போனால் கணக்கு நகர்கிறது. ஒரே ராகம் திரும்பத் திரும்ப வந்தால், “சுத்துதுப்பா, செக்குமாடு!” என்று சொல்லி வின்னி நிறுத்தும் சாவியைத் தட்டிவிடுவாள். யாராவது சண்டைக்கு வந்தால், “பட்டம் உங்களுக்கு, காது எனக்கு. அடுத்தவர் வாங்க!” என்பாள்.

அப்படித்தான் தெல்மா பர்ட்விசில் என்ற மாணவியின் புரோகிராமையும் நிறுத்தினாள். அந்தப் பெண் வேறு ஊர் இயந்திரத்தில் அதையே ஓட்டினாள். நாங்கள் நிறுத்திய இடத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே விடையோடு நின்றுவிட்டதாம். வந்து சொன்னவள் கோபப்படக்கூட இல்லை. வின்னிக்கு அன்று மதியச் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் எழுந்து நேரே கணிதப் பேராசிரியர் டாக்டர் பில்லிங்கிடம் போனாள். சும்மா இருக்க முடியுமா, நானும் பின்னாலேயே ஓடினேன்.

“டாக்டர், எந்தப் புரோகிராமைக் குடுத்தாலும் இது நிக்கும், இது நிக்காதுன்னு முன்னாடியே சொல்ற ஒரு புரோகிராம் எழுதிக் குடுங்க. இந்தக் காதை நம்பிப் பாவம் சுமக்க என்னால ஆகாது.”

பில்லிங் புகைக்குழாயில் புகையிலையை அமுக்கினார். “எழுதவே முடியாதும்மா.”

“நேரமில்லைன்னு சொல்லுங்க.”

“யாராலயும் முடியாது. சரி, எழுதிட்டேன்னே வை. நான் ஒரு குறும்புக்காரப் புரோகிராம் செய்வேன். அது உன்னோட ஜோசியக்காரன்கிட்டப் போய், ‘நான் நிப்பேனா?’ன்னு கேக்கும். ‘நிப்பே’ன்னு சொன்னா நிக்காம ஓடும். ‘நிக்க மாட்டே’ன்னு சொன்னா அங்கேயே நின்னுடும். எதைச் சொன்னாலும் ஜோசியம் பொய்.”

வின்னி தொடையில் தட்டினாள். “அட, எதைச் சொன்னாலும் நேர்மாறாவே செய்யற எங்க நாத்தனார் எட்னா!”

“அவளேதான்!” என்று சிரித்தார். “சில புரோகிராமைப் பாத்ததுமே சொல்லிடலாம். எல்லாத்துக்கும் சொல்ற ஒண்ணு மட்டும் கிடையாது.”

“அப்போ எனக்கு எப்படித்தான் தெரியும்?”

“நின்னா தெரியும். நிக்கலைன்னா, காத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.”

காத்திருப்பதா, வின்னியா! அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாவியில் கை வைப்பாள், எடுப்பாள், நகத்தைக் கடிப்பாள்.

பழைய இயந்திரத்தின் கடைசி நாளும் வந்தது. புது இயந்திரம் வரப்போவதால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மின்சாரத்தைத் துண்டித்துப் பிரிக்கப்போகிறார்கள். மதியம் முழுவதையும் ஆராய்ச்சி மாணவன் ரோலண்ட் கிளெக்குக்குக் கொடுத்திருந்தார்கள். அவன் புரோகிராம் ஒரு எண்ணைத் தேடியது, கிடைத்தால் நிற்கும். அப்படி ஒரு எண் உண்டா என்று யாருக்கும் தெரியாது. மனைவி மியூரியல் நிறைமாதம். மாமனார் தன் இரும்புச் சாமான் கடைக்குக் கூப்பிடுகிறார். இன்று இரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். விடை வந்தால் பட்டம், வராவிட்டால் கடை.

ஸ்பீக்கரில் ஒரே ராகம். என் காதுக்கு அது செக்குமாடுதான். வின்னி எழுந்து நடந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி நடந்தாள். சாவியை மட்டும் தொடவில்லை.

ஐந்து மணிக்குப் பொறியாளர்கள் வந்தார்கள். சத்தம் அறுந்தது. ரோலண்ட் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வின்னி, சுத்திக்கிட்டுதான் இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நிம்மதியா விட்டுட்டுப் போயிடறேன்.”

சொல்லித் தொலையேன்டி என்று அவள் முதுகில் இடித்தேன். எத்தனை பேருக்கு வாய் கூசாமல் சொன்னவள்!

“தெரியலையே கண்ணு.”

“எல்லாருக்கும் சொன்னீங்களே! எனக்கு மட்டும் என்ன வந்துச்சு?”

“அப்போ தெரியும்னு நெனச்சேன்” என்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாடாவைச் சுருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். “தூக்கிப் போடணும்னா நீயே போடு. நான் போட மாட்டேன்.”

அவன் கடைக்குத்தான் போனான். குழந்தைக்கு இப்போது பல் முளைத்துவிட்டது. சனிக்கிழமைதோறும் வின்னி அங்கே போய் ஆணி வாங்குகிறாள். அவள் வீட்டில் ஆணி அடிக்க இனி இடமில்லை. ரோலண்ட் ஆணியை நிறுத்துக் காகிதத்தில் மடித்து நீட்டும்போது, மாமனார் காதில் விழாமல் குனிந்து கேட்கிறான்: “புது மெஷின்ல ஒரு மணி நேரம் கிடைக்குமா, வின்னி?”