டெல்லி வழியாக வந்த சம்மன்

கோவில்பட்டி நீதிமன்றத்தில் சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம் என்று யார் மீது யார் வழக்குப் போட்டாலும் தாள் என் கை வழியாகத்தான் எதிராளி வீட்டுக்குப் போகும். சிலர் திட்டுவார்கள். சிலர் உட்காரவைத்துக் காப்பி கொடுப்பார்கள். இரண்டுக்கும் நான் ஒரே முகத்தை வைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கி வந்துவிடுவேன்.

நான் சொல்லப்போவது என் மனைவி இறந்த பிறகு நடந்தது. பங்குனியில் போனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. அப்பா அழவே இல்லையே என்று மகள் பக்கத்து வீட்டில் சொல்லிக் கவலைப்பட்டது என் காதில் விழுந்தது. அதுவும் உறைக்கவில்லை. காலையில் எழுந்தேன், குளித்தேன், பைக்கை எடுத்தேன். எந்த ஊருக்குப் போய் வந்தேன் என்பது சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும்.

ஐப்பசியில் ஒரு தடித்த கவர் வந்தது. வெளிநாட்டு நீதிமன்றம் இங்கே இருக்கிற ஒருவருக்குச் சம்மன் அனுப்ப வேண்டுமென்றால் நேராக அனுப்பிவிட முடியாது. டெல்லியில் மத்திய அரசின் சட்ட அமைச்சகத்துக்கு அனுப்பவேண்டும். அங்கே சரிபார்த்து மாவட்ட நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். தூத்துக்குடியிலிருந்து அது எங்களிடம் வரும். ‘நேரில் கொடுத்தேன்’ என்று நான் எழுதித் தந்தால் அந்த ஒரு வரி வந்த வழியே கடல் தாண்டிப் போகும். என் சர்வீஸில் அப்படி வந்தது அது மூன்றாவதோ நான்காவதோ.

விவாகரத்து வழக்கு. கணவன் வெளிநாட்டில் வெல்டர். மனைவிக்கு இடைசெவல் பக்கம் ஒரு சின்ன ஊர்.

முந்தின நாள் மழை பெய்திருந்தது. கரிசல் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் இறுகிப்போய், பாதி வழியில் வண்டி நகர மறுத்தது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு உருட்டிக்கொண்டே போனேன். வீட்டு முன்னால் தகரக் கொட்டகையில் ஒரு பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கால் முழங்காலோடு இல்லை. கொட்டகையின் மறுபாதியில் ஏழெட்டு ஆடுகள். நான் அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதும், மருமகள் உளுந்துக்குக் களையெடுக்கிறாள் என்று புஞ்சைப் பக்கம் கைகாட்டினார். என்ன விஷயம் என்று கேட்டார். கவர்மெண்டு தபால் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

நாற்பது வயதிருக்கும் அவளுக்கு. கோர்ட் என்றதும் சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரப்புக்கு வந்தாள். சம்மனை நீட்டி, வீட்டுக்காரர் வெளிநாட்டில் விவாகரத்து கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார் என்று சொன்னேன். இந்த இடத்தில் அழுவார்கள், அல்லது மண்ணை வாரித் தூற்றுவார்கள். அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல அவிய இருக்க எடம் போட்டிருக்கா அண்ணாச்சி?”

போட்டிருந்தது. நான் வாசித்தேன். அவளுக்கு அந்த ஊர்ப் பெயர் வாயில் நுழையவில்லை. இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். நாலு வருஷமாகப் போனும் இல்லை, தகவலும் இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாமல் இருந்தோம் என்றாள். அவள் கேட்டுக்கொண்டதால் தமிழ் மொழிபெயர்ப்பை முழுக்க வாசித்தேன். எதிர்மனுதாரர் மனுதாரரின் இல்லத்தைத் துறந்து தம் பெற்றோரிடம் சென்று வசித்து வருகிறார் என்று ஒரு வரி இருந்தது.

“எங்க அய்யாவும் அம்மையும் செத்து எட்டு வருஷம் ஆச்சு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொன்னாள்.

வாங்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கதவில் ஒட்டிவிட்டுப் போவேன், வழக்கு அதுபாட்டுக்கு நடக்கும் என்றேன். கதவில் ஒட்டினால் மாமா பார்த்துவிடுவார் என்று கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாக, பேனாவை அழுத்தி. சர்க்கரையால் காலை எடுத்து ஆறு மாதம்தான் ஆகிறது, இப்போது அவருக்கு இது தெரிய வேண்டாம் என்றாள். பிறகு, இவ்வளவு தூரம் உருட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்களே என்று தூக்குச்சட்டியிலிருந்து மோர் ஊற்றித் தந்தாள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள்.

“நானும் எம் பொண்ணும். வீட்டுக்காரி பங்குனில தவறிப்போனா.”

நானாக ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினாள்.

திங்கட்கிழமை அவள் நீதிமன்ற வாசலில் நின்றாள். வளாகத்தில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்த வக்கீலம்மா பொறுமையானவர். அந்த நாட்டில் தீர்ப்பு வந்தாலும் இங்கே செல்லாது என்று எதிர்க்க வழி இருக்கிறது, ஜீவனாம்சம் கேட்கலாம், முதலில் அந்த நீதிமன்றத்துக்கு ஒரு பதில் அனுப்புவோம் என்றார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பெற்றோர் வீட்டில் இருப்பதாகச் சொன்னது பொய் என்பதை எழுதி முடித்து, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று வக்கீலம்மா கேட்டார்.

“மாமாவுக்குக் கால எடுத்தாச்சுன்னு எழுதுங்கம்மா. தெனமும் ஒங்களக் கேக்காவன்னு எழுதுங்க.”

கோர்ட்டுக்கு அது தேவையில்லையே என்றார் வக்கீலம்மா.

“கோர்ட்டுக்கு இல்ல. அவிய படிப்பாவல்லா.”

அப்படியே எழுதினார்கள். ஆங்கிலத்தில் மாற்றித் தபாலில் அனுப்பினார்கள். ரசீதை அவள் நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அன்றைக்கு விளாத்திகுளம் ரோட்டில் இன்னும் நாலு சம்மன் இருந்தது.

வைகாசியில் அதே டெல்லி முத்திரையோடு இன்னொரு கவர் வந்தது. தீர்ப்பு. விவாகரத்து கொடுத்துவிட்டார்கள்.

இந்தத் தடவை அவள் வீட்டிலேயே இருந்தாள். என்னைக் கண்டதும் புரிந்துகொண்டாள். தனியாக வாருங்கள் என்று நான் சைகை காட்டினேன். அவள் வரவில்லை.

“இங்கனயே வாசிங்க. மாமாவும் கேக்கட்டும். ரெண்டு மாசத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன்.”

பெரியவர் கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நான் வாசித்தேன். அந்த நாட்களில் எல்லாவற்றையும் வாசித்தது போலவே தமிழ் மொழிபெயர்ப்பை வாசித்தேன், என்ன வாசிக்கிறோம் என்று கவனிக்காமல். மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி: மனுதாரரின் தந்தையைப் பற்றி எதிர்மனுதாரர் கூறியுள்ளவை மனுதாரருக்குத் தெரிவிக்கப்பட்டன, அவை இவ்வழக்கிற்குத் தொடர்பற்றவை என்று மனுதாரர் கூறியதை நீதிமன்றம் ஏற்கிறது.

வாயிலிருந்து வந்த பிறகுதான் காதில் விழுந்தது. தாண்டிப் போயிருக்கலாம். முன்பெல்லாம் அப்படித் தாண்டியிருக்கிறேன். வாங்குகிறவர்கள் கேட்கத் தேவையில்லாத வரிகளை விட்டுவிடுவது எனக்குப் பழக்கம்தான்.

“இன்னொருக்க வாசி தம்பி” என்றார் பெரியவர்.

வாசித்தேன். அவர் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி” என்றார். அவ்வளவுதான். அவள் கையெழுத்துப் போட்டாள். போன தடவையைவிட வேகமாகப் போட்டாள்.

திரும்பி வரும்போது வண்டியை ஓர் உடைமரத்துக்குக் கீழே நிறுத்தினேன். எதற்கு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. வெயிலில் கரிசல் வாய்பிளந்து கிடந்தது. மூன்றாம் பக்கத்து வரியை எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். பிறகு கிளம்பினேன்.

ஆனி மாதம் அவர்கள் இருவரும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். பெரியவர் இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றி, பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருந்தார். அவள் பின்னால் பையோடு நின்றாள். இவள் பேருக்கு ஓர் உயில் எழுத வேண்டும், எங்கே போக வேண்டும் என்று கேட்டார். இரண்டரை ஏக்கர் புஞ்சையும் வீடும். ஆடு மேய்த்து விற்று அவரே வாங்கியது. அவளுக்கு முன்பே தெரியும் போல. ஆனால் அவள் முகத்தில் சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை.

சாப்பாட்டு நேரம்தான். பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். பத்திரம் எழுதுகிறவர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்து, இந்த அம்மா உங்களுக்கு என்ன உறவு என்றார். பெரியவர் என்னைத்தான் பார்த்தார்.

“மருமகள்னு போடலாமா தம்பி? இனிமே இல்லைன்னுல்லா கோர்ட்டுல சொல்லிட்டாவ.”

உயிலுக்கு உறவே இருக்கவேண்டிய அவசியமில்லை, பெயரும் விலாசமும் போதும், வேண்டுமானால் ‘என்னைப் பராமரித்து வருபவர்’ என்று போடலாம் என்றார் எழுதுகிறவர். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை.

“பராமரிக்கவள்னா சம்பளத்துக்கு இருக்க மாதிரி இருக்கு. மருமகள்னே போடுங்க. அவன் எழுதுனத அவன் வச்சுக்கிடட்டும். நான் எழுதுதது இது.”

அப்படியே எழுதினார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஆட்டோக்காரர் ஒருவர். இன்னொன்று நான். பிறருடைய கையெழுத்தையே வாங்கிப் பழகிய எனக்கு, என் கையெழுத்தை எங்கே போடுவது என்று எழுதுகிறவர் விரலால் காட்டவேண்டியிருந்தது.

வெளிநாட்டுத் தீர்ப்பை எதிர்க்க அவள் வழக்குப் போடவில்லை. வக்கீலம்மா இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார். களையெடுப்பு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள், பிறகு வரவே இல்லை. பெரியவர் இன்னும் இருக்கிறார். போன மாதம் வேறொரு சம்மனுக்காக அந்தப் பக்கம் போனபோது, கட்டிலை மரநிழலுக்கு மாற்றிப் போட்டிருந்தார்கள். அவள் ஆடுகளுக்குக் குழை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்துச் சட்டென்று நிமிர்ந்தாள். உங்களுக்கு இல்லை, பக்கத்து ஊருக்கு என்றேன். அவள் மறுபடியும் குழையை ஒடிக்கத் தொடங்கினாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.