இரைச்சலை வடிகட்ட மறுத்தவர்

சிதம்பரத்தில் எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை பார்த்த ரெஜினாவின் தம்பி கடலூரிலிருந்து போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க சார். காலைல நெஞ்சு வலின்னாங்க, அவ்ளோதான்." எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். யாரைக் கேட்டுப் போனார்? பாதி வேலை அப்படியே கிடக்கிறதே!

அவரை அறிந்த உங்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கடலூர் முதுநகர் கல்லறைத் தோட்டத்தில், அடக்கத்தின்போது எங்கள் ஆய்வுக்கூட இயக்குநர், "யாரையும் எதிர்த்துப் பேசாதவர்" என்று உருகினார். சுத்தப் பொய். ரெஜினா வாயைத் திறந்தால் பக்கத்து அறையில் டீ குடிப்பவனுக்குப் புரையேறும்.

ஒலி அலையைக் குவித்து, கத்தியே படாமல் உடலுக்குள் இருக்கும் கட்டியைச் சுட்டெரிக்கும் கருவி எங்களுடையது. அளவு மீறினால் சதைக்குள் குமிழிகள் உண்டாகி வெடிக்கும். நல்ல சதையும் கிழியும். அந்த வெடிப்பின் ஓசையைக் கேட்டவுடன் கருவியை நிறுத்திவிடும் நிரலை எழுதியவர் ரெஜினா.

பணம் போடுபவர்கள் பார்க்க வந்த அன்று ஆட்டு ஈரலை வைத்து ஓட்டிக் காட்டினோம். வெடிப்பின் ஓசை கேட்கும்போதெல்லாம் கருவி நின்று நின்று ஓடியது. "அந்த இரைச்சல ஃபில்டர் பண்ணிடும்மா" என்றார் இயக்குநர்.

"அது இரைச்சல் இல்ல சார், உள்ள வெடிக்குது. அதப் போயி வடிகட்டச் சொல்றீங்களே!"

அவர் கேட்கவில்லை. நிரலை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னார். முடிந்ததும் ரெஜினா ஈரலை எடுத்து, விருந்தாளிகளின் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்து அறுத்தார். சுட வேண்டிய இடத்தையும் தாண்டி உள்ளே கந்தல் கந்தலாக இருந்தது. "இது உங்க வூட்டு ஆளுன்னு நெனச்சுப் பாருங்க." பிஸ்கட்டை யாரும் தொடவில்லை.

அதன்பிறகு அவரைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. அதற்கெல்லாம் அசருகிற ஆளா? வாசலில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவரையும் மடக்குவார். நானும் மாட்டியிருக்கிறேன். "நீயும் தலையாட்டிட்டு வந்தியா? வெக்கமா இல்ல?" அவர் தொல்லை தாங்காமல்தான் அந்த நிரலை விட்டுவைத்தார்கள்.

அடக்கம் முடிந்து, மண் போட்ட கையைக்கூட நான் கழுவவில்லை. இயக்குநர் என் தோளில் கைபோட்டார். "இனிமே பிரச்சன இல்ல. மிஷின நிறுத்துற அந்த ஆட்டோ-ஸ்டாப் புரோகிராம எடுத்துடுப்பா. மிஷின ஆஸ்பத்திரிக்குக் குடுக்கணும்ல?"

"எடுக்க முடியாது சார்!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த நிரலையும் இந்தத் தொண்டையையும்தான். நாளை அந்தக் கருவிக்கு அடியில் படுக்கப்போவது யாரென்று எனக்குத் தெரியாது. அந்த ஆளின் உடம்புக்குள் ஒரு குமிழி வெடித்தாலும் கருவி நிற்கும். நிற்காமல் ஓட்ட வேண்டுமென்றால், முதலில் என்னை வேலையைவிட்டு நிறுத்துங்கள்.