உளுந்தூர்பேட்டை வரை ஏசி இல்லை

வியாசர்பாடி ரமாபாய்க்கு வயது நாற்பத்தாறு. சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறார். அதில் அவர் ஏற்றுவது பெரும்பாலும் மனிதர்களை அல்ல. பாம்பு, ஆமை, உடும்பு போலிருக்கும் இகுவானா என்று வீட்டில் வளர்ப்பவர்கள் ஊர் மாறும்போது அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். பதிவுச் சான்றிதழ் இல்லாத பிராணியைத் தொடமாட்டார். கிளம்புவதற்கு முந்தின நாளே இரை கொடுக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிடுவார். கொச்சி, ஓசூர், கோவை எல்லாம் அவருக்குப் பழகிய சாலைகள்.

இந்தத் தொழிலுக்கு அவர் விரும்பி வரவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுச் சென்ற இகுவானா ஒன்று அவர் வீட்டில் வளர்ந்தது. பச்சை என்று பெயர். தோளில் ஏறிக் கழுத்தோரம் படுத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, வேறு வழியில்லாமல் அதை அட்டைப்பெட்டியில் வைத்து வேனின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டு வேலைக்குப் போனார்.

வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த சூப்பர்வைசர் செல்வநாதன் பெட்டியைத் திறந்து பார்த்தார். இருபது டிரைவர்கள் சுற்றி நின்றார்கள்.

"இன்னா இது? கொழம்புக்குக் கொண்டாந்தியா? ஒங்க ஆளுங்க எதத்தான் உட்டு வெப்பீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். பெட்டி மதில் ஓரம் வெளியே வைக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று எழுதி, மத்தியானத்துக்குள் ரமாபாயை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். குளிர்காற்றில் கிடந்த பச்சைக்குச் சளி பிடித்தது. ஒரு வாரம் மூக்கில் நுரை தள்ளிச் செத்தது.

கணவர் பீம்ராவ், மாத்தூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவர், "உட்டுத் தள்ளு" என்றார். ரமாபாய் தள்ளவில்லை. பல் விளக்கும்போதுகூட அந்தச் சிரிப்பு காதில் கேட்கும்.

இந்த மே மாதம் மகிழினி என்ற பெண் போன் செய்தாள். மதுரையில் புது வேலையாம், அவள் முன்னாலேயே போய்விட்டாளாம். தன் இகுவானா ஜிம்மியைத் திருவொற்றியூர் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். "எங்கப்பாவும் கூட வருவாருக்கா" என்றாள்.

விடிந்ததும் ரமாபாய் அந்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் செல்வநாதன். தலை நரைத்திருந்தது, தொப்பை கூடியிருந்தது. "பாத்து ஓட்டும்மா" என்று சொல்லிப் பின்சீட்டில் பெட்டியருகே உட்கார்ந்தார். அவருக்கு ரமாபாயை அடையாளமே தெரியவில்லை. கையில் கத்தியோடு வந்திருந்தால்கூட ரமாபாய்க்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

செங்கல்பட்டு தாண்டியதும் வெயில் ஏறியது.

"ஏசி போடும்மா."

"இதுக்கு ஆவாது சார். சளி புடிச்சிக்கும்."

"கண்ணாடியாவது எறக்கேன்."

"எதிர்க்காத்து அதவிட மோசம்."

இரண்டுமே முழு உண்மை இல்லை. பெட்டியின் மேல் துணியைப் போர்த்தி, ஏசியை மெதுவாக வைத்தாலே போதும் என்று ரமாபாய்க்குத் தெரியும். எப்போதும் அப்படித்தான் போவார். இன்று பின்பார்வைக் கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். திண்டிவனத்தில் செல்வநாதனின் சட்டை உடம்போடு ஒட்டியது. விழுப்புரத்தில் செருப்பைக் கழற்றி, துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். இன்னும் பாதி தூரத்துக்கு மேல் இருந்தது. ரமாபாய்க்கு உள்ளுக்குள் தித்தித்தது.

உளுந்தூர்பேட்டை நெருங்கும்போது பெட்டிக்குள் நகம் கீறும் சத்தம் கேட்டது. ஓரங்கட்டித் துணியை விலக்கினார். ஜிம்மி வாயை அகலத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. உடம்புச் சூடு மிஞ்சிப்போனால்தான் அப்படித் திறக்கும்.  ரமாபாய் ஏசியைப் போட்டார். ஜிம்மியின் முதுகில் தண்ணீர் தெளித்தார். வாய் மூடக் கால் மணி நேரம் ஆயிற்று.

செல்வநாதன் சீட்டில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "இத மொதல்லியே போட்டிருக்கலாமேம்மா?"

"போட்டிருக்கலாம். வேணும்னேதான் போடல."

அவர் நிமிர்ந்தார்.

"என்ன யாருன்னு தெரியுதா? கொழம்புக்குக் கொண்டாந்தியான்னு கேட்டியே, நெனப்பு கீதா?"

அவருக்கு மெல்ல ஞாபகம் வந்தது. "அடடா... அது தமாசுக்குச் சொன்னது. இத்தினி வருசமா அதையா மனசுல வெச்சிகினு கீற?"

ரமாபாய் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கு."

செல்வநாதன் மகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கத்தினார். ரமாபாய் நடந்ததை ஒரு வரி கூட்டாமல் சொன்னார். மகிழினி கேட்டாள்: "அப்டி சொன்னீங்களாப்பா?"

"அப்போ எல்லாரும்தான் சிரிச்சாங்க" என்றார் அவர்.

"ஜிம்மிய பத்திரமா கொண்டாந்து சேத்துடறேம்மா" என்றார் ரமாபாய். "ஒங்கப்பாவ என்னால ஏத்திகினு வர முடியாது."

 போனிலிருந்து "சரி" என்ற ஒரு சொல் மட்டும் வந்தது.

செல்வநாதன் பையோடு இறங்கி, உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அவர் மறையும்வரை பார்த்திருந்துவிட்டுத்தான் ரமாபாய் வண்டியை எடுத்தார்.

மதுரையில் பெட்டியை ஒப்படைத்தபோது அவரே சொன்னார்: "ஒங்கப்பாவுக்கு வெச்ச சூட்டுல இதையும் வாட்டிட்டேன். அது என் தப்பு. இன்னிக்கே டாக்டராண்ட காட்டிடு."

மகிழினி பெட்டியை வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜிம்மிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மறுநாள் ஒரு செய்தி அனுப்பினாள். அதன்பின் கூப்பிடவில்லை. பிராணி வளர்க்கும் அவள் தோழிகளும் வேறு வண்டி தேடிக்கொண்டார்கள்.

"மனசு ஆறிச்சா?" என்று பீம்ராவ் கேட்டார்.

"அவனுக்கு ஏறிப் போவ பஸ் இருந்திச்சி. நா அன்னிக்கி எண்ணூர் வரிக்கும் பெட்டியத் தூக்கிகினு மழைல நடந்தேன். எங்கேந்து ஆறும்?" என்றார் ரமாபாய். ஜிம்மியை நினைத்தால் மட்டும் அவருக்கு முகம் சுருங்கும். செல்வநாதனை நினைத்து இதுவரை ஒருமுறைகூட இரங்கியதில்லை.